இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிக்கலாமா? டெனிஸில் போர்ஹேண்டும் பேக்ஹேண்டும்

கேள்வி: கல்முனையிலிருந்து ஒரு தாய்
2025 மே 4

சேர், என் மகளுக்குப் பத்து வயது. ஒன்றரை வருடமாக டெனிஸ் பழகுகிறாள். வலப்பக்கம் வரும் பந்தையும் இடப்பக்கம் வரும் பந்தையும் இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் அடிக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்த பழக்கம். கொழும்பில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனபோது அங்கிருந்த பயிற்றுநர், போர்ஹேண்டை, அதாவது வலப்பக்க அடியை, ஒற்றைக் கைக்கு மாற்றாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு டெனிஸ் சரிவராது என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ரக்கெட்டைத் தொடத் தயங்குகிறாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிப்பது பிழையா?

2025 மே 5

மாற்றச் சொன்னது சரி. பிள்ளையின் முன்னால் சொன்னது பிழை.

ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 8.23 மீற்றர். நடுவில் நிற்கும் ஒருவர் இரு பக்கமும் நான்கு மீற்றருக்கு மேல் காக்க வேண்டும். வலக்கையை மட்டும் நீட்டினால் தோளும் சேர்ந்து நீளும். இடக்கையையும் பிடியில் வைத்தால் இடத்தோள் அந்த நீட்டத்தைப் பின்னால் இழுக்கும். இடப்பக்கம், அதாவது பேக்ஹேண்ட் பக்கம், இந்த இழப்பைப் பொறுக்கலாம், அங்கே இரண்டாவது கை தருகிற உறுதி பெரிது. போர்ஹேண்ட் பக்கம் வலக்கை ஒன்றே போதுமான பலத்தோடு இருக்கும்போது எதற்கு அந்த இழப்பு? உலகில் பெரும்பாலானோர் வலப்பக்கம் ஒரு கை, இடப்பக்கம் இரு கை என்று ஆடுவது இதனால்தான்.

2025 மே 5, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டேன். இரு பக்கமும் இரு கைகளால் அடித்தவர்கள் யாருமே மேலே வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மொனிக்கா செலஸ் 1990இல் 16 வயதில் பிரெஞ்சு பகிரங்கப் போட்டியை வென்றவர், மொத்தம் ஒன்பது கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள். அவர் இரு பக்கமும் இரு கைதான். ஆனால் விம்பிள்டனை அவரால் வெல்ல முடியவில்லை. 1992 இறுதிப் போட்டியில் ஸ்டெபி கிராஃபிடம் 6–2, 6–1 என்று தோற்றார். விம்பிள்டன் புல்தரை, அங்கே பந்து தாழ்ந்து, வழுக்கி வரும். குனிந்து எட்டி எடுக்க இரண்டு கைகள் தடை. என் வாதத்துக்கு அதுவே சான்று.

2025 மே 9

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி என்னைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதுதான் சரி. மரியன் பார்டோலி 2013இல் விம்பிள்டன் வென்றார். அவரும் இரு பக்கமும் இரு கை. அந்தப் போட்டித் தொடர் முழுவதிலும் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. இறுதிப் போட்டியில் சபின் லிசிக்கியை 6–1, 6–4 என்று வென்றதை நானே தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். எழுதும்போது அது நினைவில் வரவில்லை, செலஸின் தோல்வி மட்டும் வந்தது. ஒரு தரப்பில் நின்றுவிட்டால் ஞாபகமும் அந்தத் தரப்புக்கே சேவகம் செய்கிறது.

புல்தரை பற்றிய என் வாதத்தை மீளப் பெறுகிறேன். எட்டும் தூரம் பற்றியதை இன்னும் பெறவில்லை.

2025 மே 17

அளந்து பார்த்துவிட்டேன்.

இன்று அதிகாலை ஐந்தரைக்கு வாவியோரக் கோர்ட்டில் என்னிடம் பழகும் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தியை நிறுத்தி, கால்களை அசைக்காமல் வலப்பக்கம் எட்டச் சொன்னேன். ஒரு கையால் எட்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று, இரு கைகளால் எட்டிய இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் இடைவெளி ஒரு சாணும் நாலு விரலும். பிறகு ஓடிவந்து எட்டச் சொன்னேன். இடைவெளி ஒரு சாணுக்குள் வந்துவிட்டது, ஏனென்றால் ஓடும்போது இடுப்பும் சேர்ந்து திரும்புகிறது. கடைசி அடியை நீட்டி வைக்கச் சொன்னபோது இன்னும் குறைந்தது.

கால் வேகமாக இருந்தால் கை இழப்பதை ஈடுகட்டலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. காலையும் மாலையும் ஓடக்கூடிய பத்து வயதுப் பிள்ளைக்கு இது பெரிய தண்டனை அல்ல. முப்பத்தைந்து வயதில் என்ன ஆகும் என்பது வேறு விடயம்.

2025 மே 18

“முப்பத்தைந்து வயதில்” என்று எழுதிய கையோடு பப்ரிஸ் சன்டோரோ நினைவுக்கு வந்தார். பிரான்ஸ்காரர், இரு பக்கமும் இரு கை. போர்ஹேண்ட் பக்கத்தில் இரு கைகளாலும் பந்தைச் சீவி ஸ்லைஸ் செய்வார். அப்படி ஒன்றை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. 2004 பிரெஞ்சு பகிரங்கப் போட்டியில் ஆர்னோ கிளெமோனுடன் 6 மணி 33 நிமிடம் ஆடி, ஐந்தாவது செட்டை 16–14 என்று வென்றபோது அவருக்கு வயது 31. இரு கைப் பிடி ஆளைக் களைக்கச் செய்யும் என்று நான் பல பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்லமாட்டேன்.

2025 ஜூன் 1

அந்தத் தாய்க்கு முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று.

தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் ஒரு பையன் பழகினான். அவனுடைய தந்தை வாவியில் வீச்சு வலை வீசுபவர். அவனும் இரு பக்கமும் இரு கைகளால்தான் அடிப்பான். பந்து ரக்கெட்டில் படும் சத்தமே வேறு, உலர்ந்த தேங்காயைக் கத்தியின் முதுகால் ஒரே அடியில் உடைப்பது போல் இருக்கும். நான் மாற்றினேன். இடக்கையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அடிக்கச் செய்தேன். மூன்று மாதம். அந்தச் சத்தம் போயிற்று. ஒற்றைக் கைப் போர்ஹேண்ட் ஒருவாறு வந்தது, பார்க்க நேர்த்தியாகவும் இருந்தது. ஆனால் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மாரி மழைக்குக் கோர்ட்டை மூடினோம், தை மாதம் திறந்தபோது அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “அது இப்போது என்னுடைய ஆட்டம் இல்லை, சேர்” என்றான்.

நான் கற்றதைத்தான் அவனுக்குக் கொடுத்தேன். எனக்குப் பழக்கியவர் மரச் சட்ட ரக்கெட்டுக்காரர். இரு பக்கத்துக்கும் சுத்தியலைப் பிடிப்பது போன்ற ஒரே கொண்டினென்டல் பிடி, ஒரு கை, கையை மாற்றவே கூடாது. அந்தப் பிடியோடு ரொட் லேவர் உலகையே வென்றார் என்பது உண்மை. ஆனால் அந்தப் பையன் ரொட் லேவர் அல்ல, அவன் கையில் இருந்தது மரச் சட்டமும் அல்ல. அவன் போன பிறகுதான் நான் இந்த விடயத்தை யோசிக்கவே தொடங்கினேன்.

2025 ஜூன் 3

தாயிடம் ஒரு கேள்வி. பிடியின் அடிமுனையில் எந்தக் கை இருக்கிறது? வலப்பக்கம் அடிக்கும்போதும் இடப்பக்கம் அடிக்கும்போதும் தனித்தனியாகப் பார்த்து எழுதுங்கள். பிள்ளையிடம் கேட்க வேண்டாம், கேட்டால் அவள் யோசித்துக் கையை மாற்றிவிடுவாள். தூரத்தில் நின்று பாருங்கள்.

2025 ஜூன் 11

பதில் வந்துவிட்டது: இரு பக்கமும் வலக்கைதான் அடிமுனையில், இடக்கை அதற்கு மேலே.

இதைத்தான் எதிர்பார்த்தேன். விளக்கக் கொஞ்சம் இடம் வேண்டும். கிரிக்கெட்டைக் கொண்டு விளக்குகிறேன், அது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இடக்கைத் துடுப்பாட்ட வீரர் எப்படி நிற்கிறார்? வலத்தோள் பந்துவீச்சாளரைப் பார்க்கும். வலக்கை துடுப்பின் பிடி முனையில், இடக்கை பலகைக்குக் கிட்ட. இப்போது வலக்கை டெனிஸ் வீரரின் இரு கைப் பேக்ஹேண்டைப் பாருங்கள். வலத்தோள் வலையைப் பார்க்கும். வலக்கை அடிமுனையில், இடக்கை தலைக்குக் கிட்ட. இரண்டும் ஒன்றே. அர்ஜுன ரணதுங்கவும் குமார் சங்கக்காரவும் வலக்கையால் பந்து வீசுவார்கள், துடுப்பெடுத்தாடுவது இடக்கைப் பக்கம். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை டெனிஸுக்கு வந்தால் இரு கைப் பேக்ஹேண்டை நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் மென்பந்து ஆடிவிட்டு வந்த மூன்று பேரிடம் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இப்போது வலப்பக்கம் திரும்புங்கள். வலக்கைத் துடுப்பாட்ட வீரருக்குப் பிடி முனையில் இடக்கை, பலகைக்குக் கிட்ட வலக்கை. பேக்ஹேண்டின் உண்மையான கண்ணாடிப் பிம்பம் இதுதான். கல்முனைப் பிள்ளை வலப்பக்கம் அடிக்கும்போதோ வலக்கை அடியில், இடக்கை மேலே, அதாவது கைகள் குறுக்காக விழுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியும். கை வைப்பில் ஒன்றல்ல. எட்டும் தூரம் குறைவதற்கும் இந்தக் குறுக்குத்தான் காரணம். இடக்கை உடலைத் தாண்டி வலப்பக்கம் வந்து, போதாததற்கு வலக்கைக்கும் முன்னால் போய்ப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, சமச்சீரான ஆட்டம் என்று நாம் பெயர் வைத்தது உள்ளே சமச்சீரற்றது. ஒரு கைப் போர்ஹேண்டும் இரு கைப் பேக்ஹேண்டும் வெளியே வேறுவேறு, உள்ளே நெருக்கம். ஏனென்றால் நல்ல இரு கைப் பேக்ஹேண்ட் என்பது வலக்கை துணையோடு அடிக்கும் இடக்கைப் போர்ஹேண்ட். இரண்டிலும் பின்னால் இருக்கும் தோள் முன்னால் வருகிறது, இடுப்பு ஒரே அளவு திரும்புகிறது. ஒற்றைக் கைப் பேக்ஹேண்டில் அப்படி இல்லை. அடிக்கும் தோள் ஏற்கெனவே முன்னால் இருக்கிறது, உடல் பக்கவாட்டிலேயே நின்றுவிடுகிறது, இடக்கை பின்னால் விரிந்து சமநிலை தருகிறது.

2025 ஜூன் 12

“அப்படியானால் ஒவ்வோர் அடிக்கும் இரு கைகளையும் இடம் மாற்றிப் பிடித்தால் என்ன?” என்று காத்தான்குடியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். மாற்றலாம். பந்து வரும் நேரத்துக்குள் மாற்றி முடிக்க வேண்டும், ஆட்டத்தைத் தொடக்கும் அடியான சர்வை எதிர்கொள்ளும்போது அந்த நேரம் கிடையாது. வலைக்கு முன்னால் நின்றால் அறவே கிடையாது.

2025 ஜூன் 29

அதே ஆள் விடவில்லை. இரண்டு கைகளையும் ஏன் ஒன்றாக வைக்க வேண்டும், ரக்கெட்டைக் கை மாற்றி இரு பக்கமும் போர்ஹேண்டே அடிக்கலாமே என்கிறார்.

அடித்திருக்கிறார்கள். இத்தாலியின் ஜோர்ஜியோ டி ஸ்தெபானி அப்படி ஆடி 1932இல் பிரெஞ்சுப் போட்டியின் இறுதிவரை போய் ஹென்றி கோஷேயிடம் தோற்றார். அமெரிக்காவின் பெவர்லி பேக்கர் பிளீட்ஸ் 1955 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் லூயிஸ் பிரஃபிடம் தோற்றார். அவருக்குப் பேக்ஹேண்ட் என்ற ஒன்றே இல்லை. முழுமையான சமச்சீர் வேண்டுமானால் இவர்களிடம்தான் இருக்கிறது. இரு கைகளிலும் இரண்டு ரக்கெட் வைத்துக்கொள்ள விதி இடம் தராது, ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

இன்னும் விசித்திரமானவர் அவுஸ்திரேலியாவின் ஜோன் புரோம்விச். பிறவியில் இடக்கையர், சர்வ் போடுவது வலக்கையால், வலப்பக்கம் இரு கைகளாலும் அடிப்பார். 1939இலும் 1946இலும் தன் நாட்டுப் பட்டத்தை வென்றவர். அவருக்கு எது போர்ஹேண்ட், எது பேக்ஹேண்ட் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஈக்குவடோரின் பஞ்சோ செகுரா நம் வழக்கத்துக்கு நேர் எதிர்: போர்ஹேண்ட் இரு கை, பேக்ஹேண்ட் ஒரு கை. அந்தப் போர்ஹேண்டை நேரில் பார்க்கக் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

2025 ஜூலை 6

ரக்கெட்டின் முகம் பற்றி மறந்துவிட்டேன். சாதாரணமாகப் போர்ஹேண்டை ஒரு முகத்தாலும் பேக்ஹேண்டை மறுமுகத்தாலும் அடிப்போம். ஸ்பெயினின் அல்பேர்ட்டோ பெரசத்தேகி பிடியை மிக அதிகமாகத் திருப்பி வைத்து இரண்டையும் ஒரே முகத்தால் அடித்தார். 1994இல் பிரெஞ்சுப் போட்டியின் இறுதிவரை போனார், செர்ஜி புருகுவேராவிடம் தோற்றார். இன்று காலை அந்தப் பிடியைப் பிடித்து இருபது பந்து அடித்துப் பார்த்தேன். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது.

2025 ஜூலை 20

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. பிற்பகலில் கோர்ட்டில் நிற்க முடியவில்லை, அனலும் புழுதியுமாகக் குறுக்கே அடிக்கிறது. எங்கள் கோர்ட் வடக்குத் தெற்காக இருப்பதால் ஒரு முனையில் காற்று போர்ஹேண்ட் பக்கம், மறுமுனையில் பேக்ஹேண்ட் பக்கம்.

இந்தக் காற்றில் ஒற்றைக் கைப் பேக்ஹேண்டுக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், நான் அதைத்தான் வாழ்நாள் முழுக்க அடித்தவன். 2024 பெப்ரவரியில் ஆண்கள் தரவரிசையின் முதல் பத்துப் பேரில் ஒற்றைக் கைப் பேக்ஹேண்ட் ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் போனார். 1973இல் தரவரிசை தொடங்கியதிலிருந்து அதுவே முதல் தடவை. அந்தச் செய்தியை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பின்னர் சிலர் மீண்டும் உள்ளே வந்தார்கள், 2025இல் லொரென்சோ முசெட்டியும் வந்தார். இருந்தாலும் அந்த நாள் வந்தது வந்ததுதான்.

பந்து தோளுக்கு மேல் எழும்பினால் ஒற்றைக் கை தவிக்கும், மறுக்கவில்லை. களிமண் தரையில் நடால் மேல்நோக்கிச் சுழற்றி அடிக்கும் டொப்ஸ்பின், ஒற்றைக் கைக்காரரான பெடரரின் பேக்ஹேண்டை எத்தனை ஆண்டுகள் வாட்டியது! ஆனால் தாழ்ந்து வரும் பந்தைச் சீவி விடுவதும், காற்று பந்தைக் கடைசி நொடியில் தள்ளிவிடும்போது கையை நீட்டிச் சமாளிப்பதும் ஒற்றைக் கைக்கு இயல்பாக வரும். இரு கை ஆட்டக்காரர்களும் ஸ்லைஸுக்கு ஒரு கையைத்தானே விடுகிறார்கள்? பெடரர் 2014இல் ரக்கெட்டின் தலையை 90 சதுர அங்குலத்திலிருந்து 97க்கு மாற்றிய பிறகு அதே பேக்ஹேண்ட் வேறு உயிர் பெற்றது. 2017 அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியின் இறுதியில் நடாலுக்கு எதிராக அவர் அதை அடித்த விதத்தை நான் கண் கலங்கியபடிதான் பார்த்தேன்.

2025 ஜூலை 21

நடால் பெயரை எழுதியதும் ஒரு நண்பர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். நடால் வலக்கையால் எழுதுபவர், ஆடுவது இடக்கையால், சிறுவனாக இரு பக்கமும் இரு கைகளால் அடித்தவர். அவருக்கு ஒரு பக்கம் கையை விடச் சொன்னதால்தானே அந்தப் போர்ஹேண்ட் வந்தது, உங்கள் மே 5 குறிப்புத்தான் சரி என்கிறார். அதுவும் உண்மைதான். ஆனால் அவர் விட்டது எந்தக் கையை? எழுதும் கையை. அந்த வலக்கை பேக்ஹேண்ட் பக்கம் முழுப் பலத்தோடு காத்திருந்தது. கல்முனைப் பிள்ளையின் கதையோ வேறு. அவள் எழுதுவதும் வலக்கையால், பிடியின் அடியில் இருப்பதும் வலக்கை.

2025 ஓகஸ்ட் 10

அவள் முதலில் ஏன் இரு கைகளால் பிடித்தாள் என்று யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்றுத்தான் கேட்டேன். எட்டரை வயதில் பெரியவர்களின் 27 அங்குல ரக்கெட், சாதாரண மஞ்சள் பந்து, கொங்கிரீட் தரை.

இதில் எல்லாம் விளங்கிவிட்டது. டெனிஸ் பந்தைக் கொங்கிரீட்டில் 254 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 135க்குக் குறையாமல் எழும்ப வேண்டும் என்பது விதி. அவ்வளவு உயிருள்ள பந்து எட்டரை வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் போகும். பாரமான ரக்கெட்டை அந்த உயரத்துக்கு ஒரு கையால் தூக்க முடியாது. இன்னொரு கையைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள். 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது சர்வதேச விதி. சிவப்பு, செம்மஞ்சள், பச்சைப் பந்துகள் மெதுவாக வரும், தாழ்வாக எழும்பும். நம் பக்கத்தில் அந்தப் பந்துகளைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. கொழும்பிலிருந்து யாராவது வரும்போது சொல்லியனுப்ப வேண்டும்.

பயிற்றுநர் கையைப் பார்த்தார். பந்தையும் ரக்கெட்டையும் பார்த்திருக்க வேண்டும்.

2025 ஓகஸ்ட் 12

26 அங்குல ரக்கெட்டும் ஆறு பச்சைப் பந்துகளும் அனுப்பியிருக்கிறேன். கை பற்றி ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம் என்று தாயிடம் கேட்டுக்கொண்டேன்.

2025 செப்டெம்பர் 7

இடக்கைப் பயிற்சி கேட்டவர்களுக்கு. வசந்தன் கூத்து ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். இரண்டு கையிலும் கோல், வலப்பக்கத்தவனுக்கு ஓர் அடி, இடப்பக்கத்தவனுக்கு ஓர் அடி, கால் நிற்காது. அப்படி ஆடிய ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்தபோது இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பயமே அவளிடம் இல்லை. பந்து எங்கே வந்தாலும் ஒரே நேரத்தில், ஒரே தூரம் உடலுக்கு முன்னால் சந்தித்தாள். அவளுடைய போர்ஹேண்ட் ஒரு கை, பேக்ஹேண்ட் இரு கை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டால் எது எது என்று எனக்கே பிரித்தறிய முடியவில்லை.

எனக்கு வேண்டிய சமச்சீர் அந்தச் சத்தத்தில் இருப்பதுதான். மே மாதம் நான் கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சுவரில் பழகுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி, முதலில் இருபது. கல்லடியில் எனக்கு ஒரு சுவர் இருந்தது, கடற்கரைப் பக்கம், காலை ஆறு மணிக்கே வெயில் படும். 2004 டிசெம்பர் 26இல் கடல் அதையும் கொண்டுபோயிற்று. அந்தச் சுவர் இருந்திருந்தால் இந்தக் குறிப்புகளில் பாதியை நான் எழுதத் தேவை இருந்திருக்காது, அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பேன்.

2025 செப்டெம்பர் 28

நீளமான ரக்கெட் வாங்கலாமா என்று கேட்டவருக்கு: 29 அங்குலம் வரை விதி அனுமதிக்கிறது. இரு கை ஆட்டக்காரருக்கு எட்டும் தூரம் கூடும். பிள்ளைகளுக்கு வேண்டாம், பாரம் முனையில் ஏறும்.

2025 ஒக்டோபர் 19

கல்முனைக்கு நேரில் போய்வந்தேன். வானம் இருட்டிக்கொண்டு இருந்தது, முக்கால் மணி நேரந்தான் கிடைத்தது.

பேக்ஹேண்ட் இரு கை, அருமையாக இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். போர்ஹேண்ட் பக்கம் உடலுக்குக் கிட்ட வரும் பந்தை இன்னமும் இரு கைகளால்தான் அடிக்கிறாள். எட்டி எடுக்க வேண்டிய பந்து வந்தால், பந்து படுவதற்குச் சற்று முன் இடக்கை தானாக விலகிவிடுகிறது. யாரும் சொல்லவில்லை. அவளுக்கே அது தெரியாது. நாற்பது பந்துகளில் பதினொரு தடவை விலகியது, நான் விரல்விட்டு எண்ணினேன். இனி அந்தக் கை முழுவதும் விலகினாலும் சரி, விலகாமலே இருந்தாலும் சரி. தாயே, யாராவது கேட்டால் நான் அப்படிச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

போகும்போது அவள் ஒன்று கேட்டாள்: “சேர், இரண்டு கையால் அடித்து விம்பிள்டன் வென்ற அக்காவின் பெயர் என்ன?” சொன்னேன். ரக்கெட்டின் பிடியைக் காட்டி அதில் எழுதித் தரச் சொன்னாள். நாடாவின் மேல் பேனா பிடிக்கவில்லை, சட்டத்தின் உள்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.